ராணிக்குப் பின்னால் ஒரு காகிதம்

கம்பியைத்தான் பிடித்திருந்தான். ஸ்கூட்டர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கறுப்புக் கம்பியை, இரண்டு கையையும் பின்பக்கமாக வளைத்து, யாரோ கட்டிப் போட்டவன் மாதிரிக் கோணலாக உட்கார்ந்து பிடித்திருந்தான். சுகந்தி ஜன்னலில் கன்னத்தை ஒட்டிவைத்து நன்றாகப் பார்த்தாள். தண்ணி லாரி நிற்கிற முனை வரைக்கும் கம்பிதான். முனை திரும்பினதுக்கு அப்புறம் யார் கண்டது. அந்தத் தெருவில் ஸ்கூல் இருக்கிறது, வண்டிகள் மெதுவாகப் போகட்டும் என்று மேடு மேடாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் ஏறி இறங்கும்போது பின்னால் இருக்கிறவன் முன்னால் சரியத்தான் செய்வான், சரிந்தால் எதையாவது பிடிக்கத்தான் செய்வான். பிடித்துவிட்டு, சாரி மிரு, என்பான். பரவால்லடா தயா, என்பாள் அவள். அதற்கு இரண்டு பேரும் சிரிப்பார்கள், ஹெல்மெட்டுக்குள் சிரித்தால் வெளியே கேட்காது, ஆனால் முதுகு குலுங்கும், அந்தக் குலுங்கல் பின்னால் இருக்கிறவனுக்குத் தெரியும். பொம்பளை வண்டி ஓட்ட ஆம்பளை பின்னால் உட்கார்ந்து போவதைச் சுகந்தி தன் ஊரில், செய்யாறு பக்கம், பார்த்ததில்லை. இங்கே வில்லிவாக்கத்தில் தினமும் பார்க்கிறாள், நல்லாத்தான் ஓட்டுதுங்க இந்தப் பிள்ளைங்க என்றுகூட நினைத்திருக்கிறாள், அப்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவள் புருஷன் இல்லை. தன் வண்டி பஞ்சர் என்றான். நேற்றுச் சாயங்காலம் அம்பத்தூரில் யார் வீட்டிலோ ஏசியைக் கழற்றி மாட்டிவிட்டு அந்த வண்டியில்தானே வந்தான், நின்ற இடத்தில் எப்படிப் பஞ்சர் ஆகும். அவர்கள் போனதும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய், யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பின்சக்கரத்தை அழுத்தினாள். காற்றே இல்லை, டயர் துணிபோல அமுங்கியது. அப்பாடா என்று இருந்தது, பாதிப் படி ஏறும் வரைக்கும். பாதிப் படியில், காற்றை யார் வேண்டுமானாலும் இறக்கிவிடலாமே, மெக்கானிக் கைக்கு அது ஒரு வேலையா, என்று தோன்றிவிட்டது. சீ, என்று தலையை உதறினாள். உதறினால் போகிற வகையா இது, ஈரத் தலையில் ஒட்டின மாவு மாதிரி, உதற உதற இன்னும் பரவுகிறது.

தயா. அப்படிக் கூப்பிடலாம் என்றே சுகந்திக்குத் தெரியாது. தயாளன் என்கிற பேரை முழுசாகக்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, பிரசவத்துக்குச் சேர்க்கும்போது நர்ஸ், "உன் வீட்டுக்காரர் பேர் சொல்லும்மா" என்று அதட்ட, வலியோடு வலியாக இவள் விழித்துக்கொண்டு நின்றாள், பின்னாலிருந்து அவனேதான் சொன்னான். அந்த மிருதுளா வந்து பாதியாக நறுக்கி எடுத்துக்கொண்டாள். அவனும் பதிலுக்கு அவள் பேரை நறுக்கி மிரு ஆக்கிவிட்டான். சுகந்தியையும் சுருக்கலாம், சுகு என்று சொல்லலாம், சுகி என்று சொல்லலாம், அவன் சுருக்கவே இல்லை. கோபம் வந்தால் சுகந்தி, இல்லாவிட்டால் ஏய் இங்க பாரு. இதையெல்லாம்கூட விடலாம், அக்கா என்கிறாளே, அதைத்தான் விட முடியவில்லை. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, எப்படி இருக்கீங்க, டீ எல்லாம் போடாதீங்கக்கா, நான் குடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள். அவளுக்கு இவளைவிட நாலைந்து வயசாவது கூட இருக்கும். ஐடி கம்பெனியில் வேலை, கழுத்துவரைக்கும் வெட்டிவிட்ட முடி, முழங்காலில் கிழிந்த பேண்ட், அந்தக் கிழிசலுக்குள் தெரிகிற முழங்கால் பாப்பாவின் முழங்கால் மாதிரி வழுவழு என்று இருக்கிறது. நைட்டி போட்டு மேலே துண்டு போட்டுக்கொண்டு இடுப்பில் குழந்தை இருந்தால் அக்கா ஆகிவிடுகிறோம் போல. எதிர்த்து என்ன சொல்வது, நான் உங்களவிட சின்னவங்க என்றா. சிரித்துவைத்தாள். டீயும் போட்டாள். இந்தப் பாப்பா இருக்கிறதே, பக்கத்துப் போர்ஷன் அம்மா கை நீட்டினாலே வீல் என்று கத்துகிற கழுதை, அவள் கை நீட்டினதும் தாவிப் போனது, போய் அந்தக் குட்டை முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. "செல்லக்குட்டி, அப்படியே உங்கம்மா கண்ணு" என்றாள் அவள். "வாய் மட்டும் என்னுது" என்றான் தயாளன், பனியனோடு சட்டையைத் தேடிக்கொண்டு. "அதனாலதான் மூடவே மாட்டேங்குது" என்றாள் அவள். அப்படி ஒரு சிரிப்பு இரண்டு பேருக்கும். சுகந்தியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக, டீயில் சர்க்கரை போட்டோமா இல்லையா என்று மறந்துபோய் இன்னொரு ஸ்பூன் போட்டாள்.

கார்டு ஆட்டம் இந்த வீட்டுக்குள் வந்தது ஏசி வழியாகத்தான். அண்ணா நகரில் ஒரு மாடியில் கார்டு விற்கிற கடை, அங்கே ஏசி ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள், போனவன் வேலையை முடித்துவிட்டு அங்கே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான், கடைக்காரர் ஒரு பழைய சீட்டுக்கட்டைக் கையில் கொடுத்து உட்காருய்யா என்றாராம். பெரிய பெரிய ஆட்கள், தாடி வைத்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், இங்கிலீஷில் அச்சடித்த அட்டைகளை எதிரெதிராக வைத்துச் சண்டை போடுகிறார்கள். ராணி, முதலை, கொல்லன், புயல் என்று ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வேலை. ஆளாளுக்கு அவரவர் கட்டை அவரவரே கட்டிக்கொண்டு வரவேண்டும், பலமான அட்டை வேண்டுமென்றால் காசு, ஒரு நல்ல அட்டைக்குத் தயாளன் ஒரு வீட்டு ஏசியைச் சர்வீஸ் பண்ணவேண்டும். புது அட்டைப் பாக்கெட்டை வாங்கிப் பிரித்து ராணி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம், இல்லையென்றால் மீதியை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம், அதில் பாதி எலி. யாரும் சீண்டாத எலி. தயாளன் அந்த எலிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். "பெருசுங்க எழுந்து நிக்கறதுக்குள்ள சின்னதுங்க கடிச்சு முடிச்சிடணும், அதான் நம்ம கட்டு" என்றான். எதை வாங்குவதற்கு முன்னாலும் ஆடிப் பார்க்கவேண்டும் என்பான், "காசு இருக்கறவன் வாங்கிட்டுப் பாப்பான், நாம பாத்துட்டுதான் வாங்கணும்." அதற்காகத்தான், வாங்காத அட்டைகளுக்குப் பதிலாக வைத்து ஆட, போன வருசத்து மாசக் காலண்டரைக் கிழித்தார்கள். வழவழவென்று தடித்த தாள். அவன் அட்டை அளவுக்கு வெட்ட வெட்ட, அவன் இங்கிலீஷைப் படித்து அர்த்தம் சொல்லச் சொல்ல, சுகந்தி பின்பக்க வெள்ளையில் எழுதினாள். ஏழாவதோடு நின்றுபோன எழுத்து, ரொம்ப நாளாக மளிகைச் சிட்டைக்கு மேல் எதுவும் எழுதாத எழுத்து, குண்டு குண்டாக வந்தது. அலைராணி, வந்ததும் எதிரியின் சின்ன ஆட்கள் எல்லாரையும் கடலுக்குள் இழுத்துக்கொள்வாள். இப்படி அவள் எழுதினதைப் படித்துவிட்டு, "ஏய், அட்டைல இருக்கறதவிட இது நல்லா இருக்குதே" என்றான். அப்புறம் ஆட ஆரம்பித்தார்கள். எதிராளி வேண்டுமே, எதிராளி அவள்தான். "நீ பணக்காரி, நான் ஏழை, வா பாத்துக்கலாம்" என்று பாயில் எதிரே உட்காருவான். வேலை விட்டு வந்து, குளித்து, சோறு வேகிற வரைக்கும். அவன் கையில் நிஜ எலிகள், அவள் கையில் காகித ராணி. பாப்பா வயிற்றில் இருந்த மாசங்கள் அவை, கால் வீங்கிக் கிடந்தது, சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்துதான் ஆடினாள், அவள் காலைத் தாண்டித்தான் அட்டை வைக்கவேண்டும், வைக்கிற சாக்கில் பாதத்தைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்குவான். முதல் தடவை அவள் ராணியை இறக்கி எல்லா எலியையும் வாரிப்போட்டபோது, "அடிப்பாவி, வாயில விரல வெச்சா கடிக்கத் தெரியாதவனு நெனச்சேனே" என்று கத்தினான், பக்கத்துப் போர்ஷன் அம்மா எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில்கூட அவளை யாரும் எதிரே உட்காரவைத்து, உன் முறை, யோசிச்சுப் போடு, என்று சொல்லிவிட்டுக் காத்திருந்ததில்லை. அவன் காத்திருந்தான். அவள் யோசிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாயை விரிக்கிறது எப்போது நின்றது. பாப்பா பிறந்ததாலா, மிருதுளா வந்ததாலா, இரண்டும் ஒன்றாக வந்ததால் பழியை எதன்மேல் போடுவது என்று தெரியவில்லை. அந்தக் கடையிலேயே நன்றாக ஆடுகிறவள் அவள்தான் என்று ஒருநாள் சொன்னான். எலிக்கட்டைப் பார்த்துவிட்டுப் பாராட்டினாள் என்று ஒருநாள். "எலிகூட ராணியும் இருந்தா உன்ன யாராலயும் பிடிக்க முடியாதுடா, என்கிட்ட சும்மாதான் கிடக்கு, ஆடிட்டுக் குடு" என்று சொன்னாள் என்று ஒருநாள், அன்றைக்குச் சோற்றில் கை வைத்தபடியே சொன்னான், சாப்பிட மறந்து சொன்னான். சும்மாதான் கிடக்காமே. ராணிகள் சும்மா கிடக்கிற வீடு அது. அதற்கப்புறம் ஆடிப் பார்ப்பதெல்லாம் அவளோடுதான், கடையில், போனில், ஞாயிற்றுக்கிழமைகளில். இன்றைக்குக் கடையில் போட்டி, காலையில் மூன்று ராணிகளைக் கண்ணாடி மாதிரி ஒரு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாள். எலிகளில் சிலதை எடுத்துவிட்டு ராணிகளைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் புதுக் கவர் மாட்டவேண்டும், முதுகுப் பக்கம் கறுப்பாக, முன்பக்கம் கண்ணாடியாக இருக்கிற பிளாஸ்டிக் கவர். "அத இவ கிட்ட குடுத்திடலாம், விரல் ரேகை படாம போடுவா" என்றான். அதைக் கேட்டு ஒரு நிமிஷம் உள்ளே இனித்தது, இனித்தது என்பதை நினைத்தால் இப்போது அவமானமாக இருக்கிறது. அப்போதுதான் மிருதுளா கேட்டாள், "அக்காவுக்கு ஆடத் தெரியுமா தயா?" "கொஞ்சம் கொஞ்சம் தெரியும்." "நிஜமாவா? அக்கா, ஒருநாள் நாம ரெண்டு பேரும் ஆடணும்." சுகந்தி நிமிர்ந்தாள். வாயைத் திறக்கப்போனாள், ராணியை எடுத்து எப்படி வைப்பேன் தெரியுமா என்று சொல்ல இல்லை, சரிங்க என்று சொல்லத்தான். அதற்குள் அவன் முந்திக்கொண்டான், கூச்சமோ என்ன எழவோ, தலையைச் சொறிந்துகொண்டு, "அட நீ வேற மிரு, காலண்டர் பேப்பர்ல எழுதிவெச்சு ஏதோ டைம்பாஸ்" என்றான்.

டைம்பாஸ். பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவன் சொல்கிற வார்த்தை. அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான்கூட, நீயும் சிரி என்கிற மாதிரி. அப்புறம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வெளி வராண்டாவுக்குப் போனார்கள், எந்த எதிராளி எந்தக் கட்டோடு வருவான் என்று பேச்சு, இங்கிலீஷும் தமிழும் கலந்து ஓடுகிற பேச்சு, நடுநடுவே பாப்பாவின் கெக்கே பிக்கே. உள்ளே சுகந்தி பாயில் தனியாக உட்கார்ந்து கவர் மாட்டினாள். எலி, எலி, கொல்லன், எலி. ஓரத்தைப் பிடித்து, கவரைக் கொஞ்சம் ஊதித் திறந்து, அட்டையை இறக்கி, தட்டி. கை அதுபாட்டுக்குப் போனது. ராணி வந்தாள். நிஜ ராணி பளபளவென்று சாய்க்கச் சாய்க்க நீலமும் பச்சையுமாக மின்னுகிறாள், முடி தண்ணீரில் விரிந்து கிடக்கிறது, குட்டை முடி இல்லை, நீளம். பீரோவுக்குக் கீழே பிஸ்கட் டப்பாவில் காகிதங்கள் இருந்தன. எழுந்து போய் அவள் எடுத்தாளா, கையே போய் எடுத்ததா. அலைராணி என்று குண்டு எழுத்து, திருப்பினால் காலண்டர் லட்சுமியின் வளையல் போட்ட கை ஒரு துண்டு. கவருக்குள் முதலில் காகித ராணி, அதன்மேல் நிஜ ராணி. இறுக்கமாகத்தான் போனது. முன்னால் பார்த்தால் நிஜம் மட்டும் தெரியும், பின்னால் கறுப்பு. ஒன்றில் மட்டும் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அப்போது கேட்டிருந்தால், என் எழுத்தும் கூடப் போகட்டும், அவள் குடுத்த சீட்டுக்கு முதுகில நானும் இருக்கேன், என்று எதையோ உளறியிருப்பாள். அது பொய் என்று இப்போது தெரிகிறது. பாதிதான் பொய் என்றும் தெரிகிறது. தடித்த சீட்டு என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியாதா. அவன்தானே சொன்னான், ஒரு பையனின் கட்டில் ஒரு கவர் மட்டும் முனை மடங்கியிருந்ததாம், முதுகைப் பார்த்தே அது எந்த அட்டை என்று கண்டுபிடித்துவிடலாம், அடையாளம் வைத்து ஆடுகிறாய் என்று ஜட்ஜ் ஆட்டத்தைப் பிடுங்கி எதிராளிக்குக் கொடுத்துவிட்டாராம், அந்தப் பையன் வேணும்னு பண்ணல சார் என்று அழுதானாம். மடங்கின முனைக்கே அப்படி. கலைக்கும்போதே விரலில் முட்டுகிற தடிப்புக்கு என்ன செய்வார்கள். அவன் கலைக்கவில்லை, அவசரம், கட்டை அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு, "மிரு, லேட்டாயிடுச்சு" என்று ஓடினான்.

தோற்கட்டும். அரிசியைக் களைந்துகொண்டே சுகந்தி அதைச் சொல்லிப் பார்த்தாள், சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து. தோத்துட்டு வரட்டும். ஜெயித்தால் பெங்களூர். இந்தக் கடையிலிருந்து முதலாவதாக வருகிறவரும் இரண்டாவதாக வருகிறவரும் அங்கே பெரிய ஆட்டத்துக்குப் போகவேண்டும், ரயில், ரூம், இரண்டு நாள். ஒரு இடம் மிருதுளாவுக்குத்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லையாம். இன்னொன்று தயாளனுக்கு என்று அவளே சொல்கிறாள், அவளே ராணியும் கொடுக்கிறாள், எதற்குக் கொடுக்கிறாள், யாராவது சும்மா கொடுப்பார்களா. தனித்தனி ரூம்தான் என்றான், இவள் கேட்காமலேயே சொன்னான், கேட்காததற்கு ஏன் பதில் சொல்லவேண்டும். ரயிலில் எதிரெதிர் சீட்டு. நடுவில் ஒரு பெட்டியை வைத்து அதன்மேல் அட்டையைப் போட்டு ஆடிக்கொண்டே போவார்கள், அவள் யோசிப்பாள், அவன் வாயைத் திறக்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பான். இந்த இடத்தில்தான் வந்து வந்து முட்டுகிறது. தோளைப் பிடித்தால்கூடப் பிடித்துவிட்டுப் போகட்டும், மேடு, வண்டி, சரிந்தான், பிடித்தான். அந்தக் காத்திருக்கிற முகம் இருக்கிறதே, அதை இன்னொருத்திக்குக் கொடுக்காதே. அதை எப்படிச் சொல்வது. அடுத்தவளைத் தொடாதே என்று பொண்டாட்டி சண்டை போட்டால் ஊர் புரிந்துகொள்ளும், அடுத்தவள் யோசிக்கும்போது காத்திருக்காதே என்றால் பைத்தியம் என்பார்கள். களைந்த தண்ணீர் கலங்கலாகவே வந்தது, இன்னொரு தரம் களைந்தாள், அரிசி தேய்ந்தே போயிருக்கும். தோத்துட்டு வந்தா எப்படி இருப்பான். தெரியும். வாசலில் நின்று ரொம்ப நேரம் காலைக் கழுவுவான், அழுக்கே இல்லாத காலை. சாப்பிடுவான், ருசி சொல்லமாட்டான். ஆனால் அது நியாயமாகத் தோற்றுவிட்டு வருகிறபோது. அடையாளம் வைத்தவன் என்று பத்துப் பேர் முன்னால் எழுந்து நிற்கவைத்தால்? அந்தத் தாடிக்காரர்கள், எலியை மேஜையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள், ஏசி மெக்கானிக் வேற எப்படி ஜெயிப்பான் என்று பார்ப்பார்கள். ஜட்ஜ் கவரைப் பிரிப்பார். உள்ளேயிருந்து என் குண்டு எழுத்து வரும். அவனுக்குத் தெரிந்துவிடும், அந்த நொடியே தெரிந்துவிடும், ஆனாலும் என் பொண்டாட்டி வெச்சது என்று அங்கே சொல்லமாட்டான். அதுதான் பயமாக இருந்தது. சொல்லமாட்டான், நான்தான் தெரியாம விட்டுட்டேன் சார் என்பான், வேணும்னு பண்ணல சார் என்பான், அந்தப் பையன் மாதிரி. சுகந்தி கையை நைட்டியில் துடைத்தாள். பாப்பா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது, ஒரு கால் மட்டும் வெளியே தொங்கியது. மத்தியானம் ஆரம்பிப்பதற்கு முன்னால் பேர் கூப்பிடுவார்கள் என்று சொன்னானே. கூப்பிட்டிருப்பார்களா. போனை எடுத்தாள், வைத்தாள். அவள் எடுத்துப் பேசிவிட்டால்? சொல்லுங்கக்கா என்பாளே. அவளிடமா சொல்வது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். அடுப்பைச் சின்னதாக்கினாள். அடுப்பைச் சின்னதாக்க ஒன்றுமில்லை, இன்னும் பற்றவைக்கவே இல்லை. பாப்பா அப்பா என்று போட்டிருந்த பேரை அழுத்தினாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காதே என்று ஒரு மனசு, அப்படியானால் நான் கூப்பிட்டேன், அவன்தான் எடுக்கவில்லை என்று ஆகிவிடும். எடுத்துவிட்டான். "சொல்லு, பாப்பாவுக்கு என்ன?" பின்னால் ஒரே இரைச்சல், நாற்காலி இழுக்கிற சத்தம். "பாப்பா தூங்குது." "அப்புறம் என்ன, சீக்கிரம் சொல்லு, பேர் போட்டுட்டாங்க." சுகந்தி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "அந்த ராணிங்க இருக்குதே... மூணையும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு தடியா இருக்கும்." "என்னது?" "தடியா இருக்கும். அதுக்குள்ள என் சீட்டு இருக்குது, எடுத்திடுங்க." பெட்டி திறக்கிற டப் சத்தம். அட்டைகள் சரசரவென்று. அப்புறம் கவரிலிருந்து உருவுகிற அந்தக் கீச்சுச் சத்தம், அது மட்டும் அவ்வளவு இரைச்சலிலும் தனியாகக் கேட்டது. "இது எப்படிடி இதுக்குள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். மாட்டிக்கிச்சு போலங்க என்று சொல்லலாம், நம்பிவிடுவான், நம்பத்தான் விரும்புவான், காலையிலிருந்து அந்த வார்த்தை வாயில் தயாராகத்தான் இருந்தது. "நான்தான் வெச்சேன்" என்றாள். மூச்சு கேட்டது. அவனுடையதா இவளுடையதா. "யாருடா போன்ல, உன் டேபிள் அது" என்று மிருதுளாவின் குரல். "வீட்ல" என்றான் அவன். "அக்காவா? ஏதாவது பிரச்சனையா?" போனுக்குள் மெல்ல, வாயை ரொம்பக் கிட்டே வைத்து, "வந்து பேசிக்கலாம்" என்றான். அப்புறம் துணி உரசுகிற சத்தம்.

வந்து பேசிக்கலாம் என்றால் என்ன. திட்டப்போகிறானா, கேட்கப்போகிறானா. பேசிக்கலாம் என்றால் இரண்டு பேரும் பேசுவதுதானே, திட்டுவதற்குப் பேசிக்கலாம் என்று சொல்வார்களா, சொல்வார்கள், அவள் அப்பா அப்படிச் சொல்லிவிட்டுத்தான் பெல்ட்டை எடுப்பார். இவன் பெல்ட் எடுக்கிறவன் இல்லை. எடுத்தால்கூட இன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் கவனித்தாள், போன் கட்டாகவில்லை. அப்படியே சட்டைப் பையில் போட்டுவிட்டான். துணிக்குள்ளிருந்து கடை முழுக்கக் கேட்டது. "ஆல் த பெஸ்ட் ப்ரோ." "உங்களுக்கும் ப்ரோ." கலைக்கிற சத்தம், எங்கேயும் முட்டாமல் ஒரே சீராக ஓடுகிற சத்தம், சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். அவன் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லி வைத்தான், அவள் அதை எலி என்று கேட்டாள். இன்னொரு எலி. எதிரே இருக்கிறவன் முதலையை இறக்கினான், அதற்குள்ளேயா, நல்ல கை வந்திருக்கிறது அவனுக்கு. இவன் அட்டையின் ஓரத்தை நகத்தால் தட்டுகிறான், டிக், டிக். கையில் நல்லது ஒன்று வந்து, இப்போதே போடவா வேண்டாமா என்று இருக்கும்போது தட்டுவான், தட்டுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. ராணி வந்துவிட்டாள். தன் ஆட்டம் வருகிற வரைக்கும் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற அந்த மகாராணிக்கு, ராணியைக் கொடுத்தவளுக்கு, இது தெரியுமா? கையிலிருக்கிற அட்டை அவளுக்குக் கண்ணாலேயே தெரியும். இந்த டிக் தெரியுமா? சுகந்திக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. போடாதீங்க, முதலை மட்டும்தானே இருக்குது, சின்னதுங்க வரட்டும், வந்ததும் மொத்தமா வாருங்க. உதடு வரைக்கும் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியிலிருந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, சொன்னால் ஆட்டம் போச்சு, அதுவும் அவன் சொன்னதுதான். ஒரு வார்த்தை. சட்டைப் பையிலிருந்து பொண்டாட்டி குரல் வந்தால் போதும். என்னங்க என்றால் போதும், பெங்களூர் இல்லை, ரயில் இல்லை, எதிர் சீட்டு இல்லை. காகிதத்தை எடுத்துவிட்டாலும் இது கையில் இருக்கிறதே. "நிதானமா, டைம் எடுத்துக்கோ தயா" என்று மெதுவாகச் சொன்னாள் மிருதுளா, ரொம்பப் பக்கத்திலிருந்து, சட்டைப் பைக்குக் கேட்கிற தூரத்திலிருந்து. "பின்னாடி நிக்கறவங்க பேசக்கூடாது" என்று யாரோ அதட்டினார்கள். "சாரி சார்." சுகந்தி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

தூளி அசைந்தது. தொங்கின கால் உள்ளே போனது, முகம் திரும்பியது. பாப்பா கண்ணைத் திறக்காமலேயே உதட்டைப் பிதுக்கி, மூக்கைச் சுருக்கி, அழுவதற்கு முன்னால் இழுக்கிற அந்த நீளமான மூச்சை இழுத்தது. தூக்கி மாரில் போட்டால் அடங்கிவிடும், இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம். தூக்காமல் விட்டால் அந்த வீறல் அண்ணா நகர் வரைக்கும் போய் மேஜைமேல் விழும், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது, குழந்தை, அழுதது. டிக், டிக், என்றது போன். உன் முறை ப்ரோ, என்றான் எதிராளி. பாப்பாவின் மூச்சு இன்னும் உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. சுகந்தி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வீடு அமைதியாகிவிட்டது, ஒரு நொடிதான். பாப்பா வாய் நிறையத் திறந்து, தொண்டை தெரிய, பக்கத்துப் போர்ஷனுக்கெல்லாம் கேட்கும்படி கத்தியது. எப்போதும் பதறிக்கொண்டு ஓடுகிறவள் ஓடவில்லை. தூளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அழு" என்றாள். "நல்லா அழுடி, இப்ப யாருக்கும் கேக்காது."